படகு நிஜம், பின்னால் ஓடும் ஆறு திரை

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 1930களிலிருந்து 50கள் வரை வந்த ஹாலிவுட் காதல் சாகசப் படங்களில் எதுவும் எதோடும் ஒட்டுவதில்லை. காட்டுக்குள் பத்து நாள் நடந்தவள் முடி கலையாமல் வருகிறாள். யானைக்கூட்டம் ஒரு நிறத்தில் இருக்கிறது, அதைப் பார்த்து அலறுபவர்கள் வேறு நிறத்தில் இருக்கிறார்கள். நகைச்சுவையாகத் தொடங்கிய கதை நடுவில் போர்ப்படமாகிவிடுகிறது. அப்படியும் பாதியில் எழுந்துபோக மனம் வருவதில்லை. ஏன்? புதிதாகப் பார்ப்பவர் எதைக் கையில் எடுப்பது?

ஒட்டவில்லை என்பதில் தகராறே இல்லை. ஆனால் ஒட்டாத இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் படம் இன்னும் ருசிக்கும். ஒட்டாத இந்தக் கசங்கலை இஸ்திரி போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஹாலிவுட்டே தன்னை அறியாமல் ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறது.

1937இல் டேவிட் செல்ஸ்னிக் தயாரித்த 'தி பிரிசனர் ஆஃப் ஜெண்டா'. கற்பனை நாடு ஒன்றில் ஊர் சுற்ற வந்த இங்கிலாந்துக்காரர் ஒருவர் அந்நாட்டு அரசரைப்போலவே இருக்கிறார். அரசர் மயக்கத்தில் கிடக்க, முடிசூட்டு விழாவில் இவர் போய் உட்கார வேண்டியதாகிறது. அரசருக்கு நிச்சயித்த இளவரசியோடு காதலும் வந்துவிடுகிறது. இயக்குநர் என்று பெயர் ஜான் குரோம்வெல்லுக்கு. ஆனால் வாள்சண்டையைச் சரிசெய்ய வான் டைக் வந்தார், சில காட்சிகளுக்கு ஜார்ஜ் குகோரும் கை வைத்தார். மூன்று பேர் சமைத்த குழம்பு. 1952இல் எம்.ஜி.எம். ஸ்டுடியோ இதையே மறுபடி எடுத்தது. அதே திரைக்கதை, ஆல்ஃபிரெட் நியூமனின் அதே இசை. பழைய படத்தைப் படப்பிடிப்புத் தளத்திலேயே சின்ன எடிட்டிங் இயந்திரத்தில் ஓட்டிப் பார்த்து, ஷாட்டுக்கு ஷாட் அதேபோல வைத்தார்கள். இந்த முறை ஒரே இயக்குநர், ரிச்சர்ட் தோர்ப். டெக்னிகலர் என்ற வண்ணமுறை வேறு. எல்லாம் சுத்தம், எல்லாம் பொருத்தம். படம்தான் அசையவில்லை. பழையதில் ரொனால்ட் கோல்மன் தயங்கிய இடத்தில் ஸ்டூவர்ட் கிரேஞ்சர் மனப்பாடம் ஒப்பிக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்த நாள் பார்த்தால், இந்தக் கேள்விக்கு வேறு பதிலே தேவைப்படாது. (இதே விதையிலிருந்து 1958இல் எம்.ஜி.ஆர். 'நாடோடி மன்னன்' எடுத்தார். அவர் நகல் எடுக்கவில்லை, அரசனாக நடிப்பவனைப் புரட்சிக்காரனாக்கி வேறு படமே செய்துவிட்டார். 1952ஆம் ஆண்டுப் படத்தைவிட அதில்தான் உயிர் அதிகம்.)

சரி, கசங்கல் எங்கிருந்து வருகிறது? இந்த வகைக்கே உரைகல்லாக ஒரு படத்தைச் சொல்லலாம்: ஜான் ஹூஸ்டனின் 'தி ஆஃப்ரிக்கன் குவீன்', 1951. சி.எஸ். ஃபாரெஸ்டரின் 1935ஆம் ஆண்டு நாவலிலிருந்து வந்தது. முதல் உலகப்போர் தொடங்கிய 1914. ஜெர்மானியரின் கிழக்கு ஆப்பிரிக்கா. மிஷனரி அண்ணனைப் பறிகொடுத்த ரோஸ் என்ற கட்டுப்பெட்டி, ஜின் பாட்டிலே துணை என்று இருக்கும் சார்லி என்ற படகோட்டி, சுமார் 30 அடி நீளமுள்ள ஓர் ஓட்டை நீராவிப் படகு. ஆற்றின் கீழே ஏரியில் நிற்கும் ஜெர்மன் போர்க்கப்பலை மூழ்கடிக்க வேண்டும் என்கிறாள் அவள். இவ்வளவுதான் கதை.

ஹூஸ்டன் இதை நிஜ ஆப்பிரிக்காவில் எடுப்பேன் என்று நின்றார். பெல்ஜியன் காங்கோவில் ருய்கி ஆறு, பிறகு உகாண்டாவில் மர்ச்சிசன் அருவியும் ஆல்பர்ட் ஏரியும். அங்கேதான் முதல் தையல் பிரிகிறது. மூன்று நெகடிவ் ஓடும் டெக்னிகலர் கேமரா அலமாரி அளவு பெரியது. 30 அடிப் படகில் கொதிகலனும் இரண்டு நட்சத்திரங்களும் போக அதற்கு இடம் கிடையாது. ஒளிப்பதிவாளர் ஜாக் கார்டிஃப்பும் மற்றவர்களும் கண்ட வழி இது: படகின் பகுதிகளை ஒரு பெரிய மிதவையின்மேல் அப்படியே கட்டிவிட்டு, கேமராவை மிதவையில் சுற்றிச்சுற்றி வைத்தார்கள். விளக்கு ஒரு மிதவை, ஜெனரேட்டர் ஒரு மிதவை. எல்லாம் ஆற்றில் ரயில்வண்டிபோலக் கோத்து இழுக்கப்பட்டன. ஆற்று வளைவில் வால்பகுதி கரையில் முட்டும், அறுந்துபோகும், மறுபடி கட்டவேண்டும். ஒரு தடவை படகே மூழ்கி, தூக்கி எடுக்க வேண்டியதாயிற்று. குழுவில் பலருக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல். கேத்தரின் ஹெப்பர்ன் படுத்த படுக்கையானார். தண்ணீரைத் தொடாமல் விஸ்கியிலேயே வாழ்ந்த ஹூஸ்டனும் ஹம்ஃப்ரி போகார்ட்டும் மட்டும் நன்றாக இருந்தார்கள் என்பது அந்தப் படப்பிடிப்பின் நிரந்தர நகைச்சுவை.

இவ்வளவு பாடுபட்டும் படத்தின் கணிசமான பகுதி லண்டனுக்குப் பக்கத்தில் ஐல்வொர்த் ஸ்டுடியோவில்தான் எடுக்கப்பட்டது. ஆற்று நீரில் நோய்க்கிருமி. நடிகர்களை இறக்க முடியாது. ஆகவே தண்ணீருக்குள் இறங்கும் காட்சிகளெல்லாம் தொட்டியில். சார்லி படகைக் கயிற்றால் இழுத்துவிட்டு மேலே ஏறும்போது உடம்பெல்லாம் அட்டை ஒட்டியிருக்குமே, அந்த அட்டையும் ஸ்டுடியோ அட்டை. சுழலிலும் பாறையிலும் படகு பாயும்போது லாங் ஷாட்டில் இருப்பது மினியேச்சர் படகு, அதில் பொம்மை மனிதர்கள். நெருக்கத்தில் இருப்பது போகார்ட்டும் ஹெப்பர்னும், பின்னால் ஓடுவது திரையில் வீசிய ஆறு. ஒரே நிமிடத்தில் நிஜ ஆறு, பொம்மை ஆறு, திரை ஆறு என்று மூன்று ஆறுகள் வந்துபோகும்.

இந்தத் திரை ஆற்றைக் கொஞ்சம் விளக்கவேண்டும். இந்த வகைப் படங்களின் கசங்கலில் பெரும்பங்கு அதனால் வந்ததுதான். பேக் புரொஜெக்ஷன் என்பது இது: நடிகர்களுக்குப் பின்னால் ஒளி ஊடுருவும் திரை. திரைக்கு அந்தப்பக்கம் புரொஜெக்டர், இந்தப்பக்கம் கேமரா. முன்பே எடுத்துவந்த ஆற்றுக்காட்சியைத் திரையில் ஓட்டிக்கொண்டே, முன்னால் நடிப்பவர்களோடு சேர்த்துப் படம் பிடிப்பார்கள். கேமராவின் ஷட்டரும் புரொஜெக்டரின் ஷட்டரும் ஒரே கணத்தில் திறந்து மூடவேண்டும். இரண்டின் மோட்டாரையும் மின்சாரத்தால் ஒன்றோடொன்று பூட்டித்தான் ஓட்டுவார்கள். பூட்டு நழுவினால் பின்னணி மினுக்கும், இல்லாவிட்டால் இருண்டுபோகும்.

பூட்டு சரியாக இருந்தாலும் கண்ணுக்குப் பிடிபடும் குறைகள் உண்டு. பின்னணி என்பது படத்தைப் படமெடுத்தது, அதனால் அதன் புள்ளிகள் இரட்டிப்பாகி, முன்னால் இருப்பவர்களைவிட மங்கலாகவும் கரகரப்பாகவும் தெரியும். புரொஜெக்டர் ஒளி நடுவில் அடர்த்தி, ஓரங்களில் வற்றும். நடிகர்மேல் படும் விளக்கு திரையில் பட்டால் பின்னணி வெளுத்துவிடும் என்பதால் அவர்களைத் திரையிலிருந்து தள்ளி நிறுத்துவார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருப்பதைக் கண் உணர்ந்துவிடும். வண்ணப் படம் வந்ததும் சிக்கல் பெருகியது. டெக்னிகலருக்கு வெளிச்சப்பசி அதிகம், ஒரு புரொஜெக்டர் போதாது. பாரமவுண்ட் ஸ்டுடியோவில் ஃபார்சியோ எட்வர்ட் மூன்று புரொஜெக்டர்களை வைத்து ஒரே காட்சியை ஒன்றின்மேல் ஒன்றாக வீசி இதைச் சமாளித்தார். மூன்றும் மயிரிழை பிசகாமல் படியவேண்டும்.

ஆனால் தொழில்நுட்பக் குறையைவிடப் பெரும்பாலும் காட்டிக்கொடுப்பது அலட்சியம். பின்னணி எடுத்தபோது சூரியன் இடப்பக்கம் இருந்திருக்கும், ஸ்டுடியோவில் விளக்கு வலப்பக்கம். பின்னணிக் கேமரா கப்பலின் மேல்தளத்தில் இருந்திருக்கும், முன்னால் இருப்பவர்கள் தண்ணீரை ஒட்டி உட்கார்ந்திருப்பார்கள், அதனால் அடிவானம் தலைக்குமேல் தொங்கும். படகு பேயாய் ஆடும், தலைமுடி ஆடாது. மின்விசிறியை மறந்துவிட்டார்கள்.

மினியேச்சருக்கு வேறு கணக்கு. பத்தடிக் கப்பலை நூறடிக் கப்பலாகக் காட்டவேண்டுமானால் அதன் அசைவு கனமாக, மெதுவாகத் தெரியவேண்டும். அதற்குக் கேமராவை வேகமாக ஓட்டி, வழக்கமான நொடிக்கு 24 ஃபிரேமில் காட்டவேண்டும். எத்தனை மடங்கு வேகம் என்பதற்குச் சுருக்க அளவின் வர்க்கமூலம்தான் விடை. நாலில் ஒரு பங்கு மாதிரிக்கு இரண்டு மடங்கு, அதாவது நொடிக்கு 48 ஃபிரேம். பதினாறில் ஒரு பங்குக்கு நாலு மடங்கு, 96 ஃபிரேம். கப்பல் இதற்குக் கட்டுப்படும், தண்ணீர் கட்டுப்படாது. துளியும் நுரையும் கப்பலோடு சேர்ந்து சின்னதாகாது. பீரங்கிக் குண்டு விழுந்து தெறிக்கும் துளி கப்பலின் ஜன்னல் அளவுக்கு இருந்தால், அது தொட்டி என்று தெரிந்துகொள்ளுங்கள். வார்னர் பிரதர்ஸ் 1940இல் 'தி சீ ஹாக்' எடுக்கும்போது இதற்கெல்லாம் பயந்து, தண்ணீர் நிரப்பக்கூடிய ஒரு புதுத் தளத்தையே கட்டி, அதற்குள் 165 அடியில் ஒன்றும் 135 அடியில் ஒன்றுமாக இரண்டு முழுக்கப்பல்களை நிறுத்தியது. அப்படியும் தூரக்காட்சிக்கு மினியேச்சர் தேவைப்பட்டது. கறுப்பு வெள்ளையான அதே படத்தில் பனாமா காட்டுப்பகுதி மட்டும் திடீரென்று பழுப்பு நிறத்துக்கு மாறும். பிரதியில் கோளாறு என்று நினைத்து யாரும் டிவியைத் தட்டவேண்டாம், வெக்கையைக் காட்டுவதற்காக வேண்டுமென்றே செய்தது.

மிருகங்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் முழுமையாகாது. 1932ஆம் ஆண்டு டார்சான் படத்தில் ஆப்பிரிக்க யானை வேண்டும். கலிஃபோர்னியாவில் பழகிய யானை என்றால் ஆசிய யானைதான். ஆசிய யானைக்குக் காது சிறிது. ஆகவே பெரிய பொய்க்காது ஒட்டினார்கள். யானையைக் கோயில் வாசலிலேயே பார்த்து வளர்ந்த நம் கண்ணுக்கு இந்த வேஷம் அரை நொடி தாங்காது: கூன் போட்ட முதுகும், நெற்றியில் இரண்டாகப் புடைத்த மேடும் மாற்ற முடியாத அடையாளம். அதே படத்தின் நிஜக் காட்டுக்காட்சிகள் எம்.ஜி.எம். அதற்கு முன் ஆப்பிரிக்காவுக்குப் போய் எடுத்த 'டிரேடர் ஹார்ன்' படத்தில் மிஞ்சியவை. அடுத்து 1950இல் 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' எடுக்கப் போனபோது மிஞ்சியதைப் பல வருடம் வேறு படங்களில் போட்டுத் தீர்த்தார்கள். பழைய சாதத்தை வீணாக்காத வீடு.

இதில் நமக்கும் ஒரு பங்குண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1952இல் ஓர் அமெரிக்க நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்த 'தி ஜங்கிள்' படத்தில் ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் நடித்தார்கள். தமிழில் அது 'காடு'. இந்தியக் காட்டில் பனியுகத்து மாமத் என்ற ரோம யானை திரிகிறது என்பது கதை. நம் யானைகளுக்கு ரோமக் கம்பளி போர்த்தி மாமத் ஆக்கினார்கள். ஹாலிவுட் காது ஒட்டியது, சேலம் கம்பளி போர்த்தியது. தொழில் ஒன்றுதான்.

வாள்சண்டை, வில் இவற்றில் மட்டும் ஏமாற்று குறைவு. 1938ஆம் ஆண்டு 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹுட்' படத்தில் அம்பு நிஜ அம்பு. ஹோவர்ட் ஹில் என்ற வில்லாளர் ஸ்டன்ட் ஆட்களின் உடையை நோக்கி நிஜமாகவே எய்தார். உடைக்குள் இரும்புத்தகடு, அதன்மேல் அம்பு குத்தி நிற்க பால்சா மரம். ஓர் அம்பு வாங்கிக்கொண்டால் 150 டாலர். வாளுக்கு ஃபிரெட் கேவன்ஸ் என்ற பெல்ஜியன் ஆசான். உண்மையான வாள்வீச்சில் மணிக்கட்டுதான் அசையும், கொட்டகையில் பின்வரிசைக்கு அது தெரியாது. எனவே அசைவு பெரிதாக இருக்கவேண்டும், ஆனால் தப்பாக இருக்கக்கூடாது என்பது அவர் பாடம். இந்தப் படமும் இரண்டு கை மாறியது. வில்லியம் கீலி தொடங்கினார். வேகம் போதாது என்று ஸ்டுடியோ அவரை மாற்றி மைக்கேல் கர்டிஸைப் போட்டது. கலிஃபோர்னியாவின் சீக்கோ ஊர்ப் பூங்காவில் எடுத்த காடு வெயிலும் விளையாட்டுமாக இருக்க, கோட்டைக்குள் திடீரென்று தூணளவு நிழல்கள் சண்டைபோடுவது இதனால்தான்.

இதெல்லாம் படமெடுக்கும் பக்கத்துக் கசங்கல். கதையிலும் காதலிலும் உள்ள கசங்கலுக்கு வேறு காரணம்: தணிக்கை.

ஹாலிவுட்டுக்காக 1930இல் எழுதப்பட்ட ஒழுக்கவிதிகளை 1934 ஜூலையிலிருந்து ஜோசப் பிரீனின் தணிக்கை அலுவலகம் கறாராக அமல்படுத்தியது. கல்யாணத்துக்கு வெளியே உள்ள உறவு கவர்ச்சியாகத் தெரியக்கூடாது, முத்தம் அளவுமீறக்கூடாது, குற்றத்துக்குத் தண்டனை வந்தே ஆகவேண்டும். அணை கட்டினால் தண்ணீர் வேறு பக்கம் பாயும். காதல் வாய்ச்சண்டையாகவும், கடமைத் தகராறாகவும், சேர்ந்து செய்யும் வேலையாகவும் மாறிப் பாய்ந்தது. 1935ஆம் ஆண்டு 'கேப்டன் பிளட்' இதற்கு நல்ல உதாரணம். கலகக்காரருக்கு வைத்தியம் பார்த்த குற்றத்துக்காக அடிமையாக விற்கப்படும் மருத்துவனைக் கர்னல் ஒருவரின் உறவுப்பெண் பத்து பவுண்டுக்கு ஏலத்தில் எடுக்கிறாள். பின்னால் அவன் கடற்கொள்ளையனாகி, இன்னொரு கொள்ளையனிடமிருந்து அவளை விலைகொடுத்து மீட்கிறான். நன்றி சொல்லவேண்டியவள் கொதிக்கிறாள்: என்னை விலைக்கு வாங்கினாயா? தொடாமலே இரண்டு பேருக்கும் நடுவில் இவ்வளவு சூடு கிளப்பிய எழுத்தைத் தணிக்கை இல்லாத காலம் எழுதியிருக்குமா என்பது சந்தேகம். அடிமை வைத்தியன், ஏலம், கப்பல் என்றதும் 1965ஆம் ஆண்டு 'ஆயிரத்தில் ஒருவன்' நினைவுக்கு வந்தால், அது தற்செயல் இல்லை.

'கேப்டன் பிளட்'டின் பிறப்பும் ஒட்டுவேலைதான். கதாநாயகனாக வேண்டியிருந்த ராபர்ட் டோனட் வரவில்லை. டாஸ்மேனியாவிலிருந்து வந்த பெயர் தெரியாத எர்ரோல் ஃப்ளின்னையும் 19 வயது ஒலிவியா டி ஹாவிலண்டையும் போட்டார்கள். கடற்போரில் சில பகுதிகள் 1924ஆம் ஆண்டின் ஊமைப்பட 'சீ ஹாக்'கிலிருந்து எடுத்த துண்டுகள். இசையமைக்க எரிக் வோல்ஃப்காங் கார்ன்கோல்ட்டுக்குக் கிடைத்தது மூன்று வாரம். நேரம் போதாமல் சில இடங்களில் லிஸ்ட் என்ற பழைய இசைமேதையின் இசையை எடுத்துச் சேர்த்தார். அதனால் தன் பெயருக்குமுன் 'இசை' என்று போடக்கூடாது, 'இசைத் தொகுப்பு' என்றுதான் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நாணயமான மனிதர்.

தணிக்கை கதையை எப்படி முறுக்கும் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு ஜோடி இருக்கிறது: 1932ஆம் ஆண்டு 'ரெட் டஸ்ட்', 1953ஆம் ஆண்டு 'மொகாம்போ'. ஒரே கதை, இரண்டிலும் கிளார்க் கேபிள், நடுவில் 21 வருடம். முதலாவது முழுக்க ஸ்டுடியோவில் கட்டிய இந்தோசீன ரப்பர் தோட்டம், விதி இறுகுவதற்கு முந்தைய வெளிப்படையான பேச்சு, ஜீன் ஹார்லோ. இரண்டாவது ஜான் ஃபோர்டு, நிஜக் கென்யா, ஏவா கார்ட்னர், கிரேஸ் கெல்லி. ஆசை மட்டும் மூடிய கதவுக்குப் பின்னால். ஸ்பெயினில் இதுவும் போதாது என்று, மணமான பெண் இன்னொருவனை விரும்புவதை மறைக்கக் கணவனையும் மனைவியையும் டப்பிங்கில் அண்ணன் தங்கை ஆக்கினார்கள். அவர்கள் தம்பதியாகப் பழகும் காட்சிகள் அப்படியே இருந்தன. கற்பைக் காப்பாற்றப் போய் எதில் போய் விழுந்தார்கள் பாருங்கள்.

இப்போது 'ஆஃப்ரிக்கன் குவீன்' பக்கம் திரும்பலாம். அதன் காதல் ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதற்கு என் விடை கொதிகலனில் இருக்கிறது. சார்லியின் என்ஜினுக்குள் ஒரு ஸ்குரூ டிரைவர் விழுந்து கிடக்கிறது. அது அடைக்கும்போதெல்லாம் அவன் எட்டி உதைக்கவேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும். கழற்றிச் சரிசெய்யலாமே என்கிறாள் ரோஸ். உதைக்கப் பிடித்திருக்கிறது, அதனால்தான் செய்யவில்லை என்கிறான் அவன். தனிமை என்பதை இதைவிடக் குறைந்த சொற்களில் சொன்ன படம் அந்தக் காலத்தில் குறைவு. பிறகு சுழலில் மாட்டி சுழல்விசிறியின் ஓர் இதழ் உடைந்து, தண்டு வளைகிறது. கரையில் அடுப்பு மூட்டி, தண்டைப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தி, இதழைப் பற்றவைக்கிறார்கள். டார்பிடோவும் அப்படித்தான்: ஆக்சிஜன் சிலிண்டருக்குள் வெடிமருந்துக் கூழ், முனையில் மரக்கட்டை, கட்டையில் தோட்டாவும் அதைத் தட்ட ஆணியும். மோதினால் ஆணி தோட்டாவைத் தட்டும், தோட்டா மருந்தைப் பற்றவைக்கும். படம் இதையெல்லாம் பொறுமையாகக் காட்டுகிறது. 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று சொல்லவேண்டிய நேரத்தில் இந்த இரண்டு பேர் குறடும் சுத்தியலும் கைமாற்றிக்கொண்டிருக்கிறார்கள். பின்னால் ஓடும் ஆறு திரையாக இருந்துவிட்டுப் போகட்டும், நம் கண் கைகளின்மேல் இருக்கிறது.

போகார்ட்டுக்கு லண்டன் அடித்தட்டுப் பேச்சு வராது என்பதால் சார்லியைக் கனடாக்காரன் ஆக்கினார்கள், அதுவும் ஓர் ஒட்டு. அவருக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் இதற்குத்தான். முடிவையும் மாற்றினார்கள். நாவலில் டார்பிடோ முயற்சி தோற்கிறது, பிரிட்டிஷ் படகுகள் வந்துதான் வேலையை முடிக்கின்றன. படத்திலோ தூக்கில் போடுமுன் ஜெர்மன் கேப்டனே இருவருக்கும் கல்யாணம் செய்துவைக்கிறார், மறுநிமிடம் கப்பல் வெடிக்கிறது. தர்க்கம் பார்த்தால் அபத்தம். ஆனால் தணிக்கைக்கு வேண்டிய தாலியும் ரசிகனுக்கு வேண்டிய வெடியும் ஒரே நிமிடத்தில் கிடைத்துவிட்டது.

அழகு என்று சொல்லிக்கொண்டே போகும்போது தொண்டையில் சிக்குவது ஒன்று உண்டு. இந்தப் படங்களில் ஊர் வெள்ளையருடைய விளையாட்டு மைதானம். 1939ஆம் ஆண்டு 'கங்கா தின்' கைபர் கணவாயைக் கலிஃபோர்னியாவின் லோன் பைன் மலைகளில் கட்டியது. தண்ணீர் சுமக்கும் இந்தியனாக நியூயார்க்கின் சாம் ஜாஃபி முகத்தில் கறுப்புப் பூசி வந்தார். காளி வழிபாடு அதில் கொலைவெறிக் கூச்சல். பிரிட்டிஷ் ராணுவ நண்பர்கள் மூவரின் குறும்பும் சண்டையும் அற்புதம் என்பதும் உண்மை, அந்தக் குறும்புக்கு நம்மவரைத் தரையாக விரித்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும். 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை. பின்னணி இசையே வைக்காமல் அந்த மண்ணின் பாட்டையும் முரசையும் மட்டும் கேட்கவிட்டது. ஆனால் 1885ஆம் ஆண்டு நாவலில் இல்லாத கதாநாயகியைச் சேர்த்தார்கள். டெபோரா கெர் காட்டில் கத்தரியால் தன் முடியைத் தானே கண்டபடி வெட்டி, தண்ணீரில் அலசிவிட்டு நிமிரும்போது, சலூனிலிருந்து வந்ததுபோலச் சுருள் சுருளாக இருக்கும். வாய்விட்டுச் சிரிக்கலாம், அதற்காகவே பார்க்கலாம்.

பார்க்கும் முறை. 1953க்கு முந்தைய படங்களின் திரைச்சட்டகம் கிட்டத்தட்டச் சதுரம், அகலம் உயரத்தைப்போல 1.37 மடங்கு. டிவியில் இருபக்கமும் கறுப்புப் பட்டை விழவேண்டும். விழாவிட்டால் மேலும் கீழும் வெட்டியிருக்கிறார்கள், இல்லை இழுத்திருக்கிறார்கள், செட்டிங்கை மாற்றுங்கள். 'கேப்டன் பிளட்' முழு நீளம் 119 நிமிடம், மறுவெளியீட்டுக்காக வெட்டிய 99 நிமிடப் பிரதியும் உலவுகிறது. கறுப்பு வெள்ளைக்குச் சாயம் பூசிய பிரதி கிடைத்தால் தொடவேண்டாம். 'ஆஃப்ரிக்கன் குவீன்' மூல நெகடிவிலிருந்து மீட்டெடுத்த பதிப்பு 2010இல் வட்டில் வந்தது, அதைத் தேடுங்கள். ஆனால் படம் துலங்கத் துலங்க ஒட்டும் துலங்கும். கொட்டகையின் தேய்ந்த பிரதி மறைத்ததையெல்லாம் நல்ல டிவி காட்டிக்கொடுக்கும்.

வரிசை கேட்டால்: முதலில் 'ராபின் ஹுட்', மனம் திறக்க. பிறகு 'கேப்டன் பிளட்'. மூன்றாவதாக 'ஆஃப்ரிக்கன் குவீன்'. இது முடிந்தபின் இரண்டு 'ஜெண்டா', அடுத்து 'ரெட் டஸ்ட்'டும் 'மொகாம்போ'வும், இதே முறையில் ஜோடியாக. 'கங்கா தின்'னைத் தனியாக, கோபப்படத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக 1954ஆம் ஆண்டு 'எலிஃபன்ட் வாக்'. நல்ல படம் என்று சொல்லமாட்டேன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்து முதலாளியின் பங்களா, யானைகள் தண்ணீருக்குப் போகும் பழைய தடத்தின் குறுக்கே கட்டப்பட்டிருக்கிறது. இங்கிலாந்திலிருந்து வரும் புது மனைவி, மேலாளர்மேல் சாயும் அவள் மனசு, காலரா, கடைசியில் வீட்டுக்குள் புகும் யானைக்கூட்டம். கொழுந்து பறிக்கும் தமிழர்கள் பின்னணியில் அசையும் உருவங்கள் மட்டுமே. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களில் பெரும்பாலோருடைய குடியுரிமையைப் பறித்து ஐந்து வருடம்கூட ஆகாத நேரத்தில் கேமரா அங்கே போயிருக்கிறது. படத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மனைவியாக நடிக்கப் போனவர் விவியன் லீ. இலங்கையில் வெளிப்புறக் காட்சிகளை எடுத்து முடித்து ஹாலிவுட் திரும்பியதும் மனநோய் முற்றி அவரால் தொடர முடியவில்லை. எலிசபெத் டெய்லரைப் போட்டார்கள். திரும்ப இலங்கைக்குப் போகப் பணமும் நேரமும் இல்லை. ஆகவே டெய்லர் பேசும் இடங்களில் இலங்கை அவருக்குப் பின்னால் திரையில் ஓடுகிறது. தூரத்தில், முதுகு காட்டி, அடையாளம் தெரியாத அளவில் இருந்த லாங் ஷாட்டுகளை மட்டும் எடிட்டர் எறியவில்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். முகம் தெரியும்போது அவள் டெய்லர். தூரத்துச் சரிவில், நிஜ வெயிலில், முகம் தெரியாத அளவுக்குச் சின்னதாக அவள் போகும்போது நிறுத்திப் பாருங்கள், அது விவியன் லீ.